கூத்து பார்த்த கண்ணுக்கு ஃபேன்டஸி புதிதில்லை

நான் முதன்முதலில் படித்த ஃபேன்டஸி நாவல், அதாவது மாயம் நடக்கிற கதை, ஒரு மூன்றாம் பாகம். அது அப்போது எனக்குத் தெரியாது. பழைய புத்தகக் கடை ஒன்றில், அட்டையில் பறக்கும் பாம்பும் உள்ளே வரைபடமும் இருப்பதைப் பார்த்து எண்பது ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குக் கம்பெனி பஸ்ஸில் ஷிப்ட் போய்வந்த காலம் அது. சூளகிரி வருவதற்குள் பதினாறு பேர் தங்களை யாரென்றே சொல்லாமல் வந்து போனார்கள். செத்துப்போன ஒரு ராணிக்காக எல்லோரும் அழுதார்கள். இந்த வகை நாவலே இப்படித்தான் போலிருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நூற்று நாற்பது பக்கம் படித்தேன். ஒருநாள் முதுகில் ஒட்டியிருந்த விலைச் சீட்டு உரிந்து வந்தது. அடியில் '3' என்று இருந்தது.

எனவே முதல் அறிவுரை: வாங்குவதற்கு முன்னால் புத்தகத்தின் முதுகைப் பாருங்கள். சீட்டு ஒட்டியிருந்தால் உரித்துப் பாருங்கள்.

"எனக்கு இதெல்லாம் பிடிபடாது, பெயரெல்லாம் வாயில் நுழையாது, நூறு கதாபாத்திரத்தை யார் ஞாபகம் வைப்பது" என்று சொல்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்கள் இதைச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. வில்வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு வதை, கர்ண மோட்சம் என்று ஓடி, கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் வந்து முடியும். என் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, கையெழுத்துப் போடத் தெரியாது. கர்ணன் யாருக்குப் பிறந்தான், எந்தச் சாபத்தால் தேர்ச்சக்கரம் புதைந்தது, யாருக்கு யார் மேல் என்ன வஞ்சம் என்பதெல்லாம் அத்துப்படி. நடுவில் இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் முகவீணைச் சத்தத்தையும் வேஷக்காரரின் கிரீடத்தையும் வைத்துக் கதை எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடும். இத்தனை வம்சம், இத்தனை வரம், இத்தனை அஸ்திரம் கொண்ட ஒரு உலகத்தை மனசில் வைத்திருக்கிற ஊரில் இருந்துகொண்டு ஐந்நூறு பக்க நாவலுக்குப் பயப்படலாமா?

எதை எடுப்பது

ஃபேன்டஸி என்பதை மிகுபுனைவு என்று தமிழில் எழுதுகிறார்கள். அதில் பல தினுசு உண்டு. உலகமே புதிதாக இருப்பது ஒன்று: நாடு, கடவுள், மாதங்களின் பெயர் எல்லாம் எழுத்தாளர் உண்டாக்கியது. நம் உலகத்துக்குள்ளேயே மாயம் புகுவது இன்னொன்று. இங்கிருக்கிற ஆள் ஒரு வாசல் வழியாக வேறு உலகத்துக்குப் போவது மூன்றாவது. புதிதாக வருகிறவருக்கு மூன்றாவது சுலபம். நமக்குத் தெரியாதது நாயகனுக்கும் தெரியாது. நமக்காக அவனே கேள்வி கேட்பான்.

இந்த உத்தி நமக்குப் பழக்கமானதுதான். 1950-இல் தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்த 'பொன்னியின் செல்வன்' ஃபேன்டஸி அல்ல, சரித்திர நாவல். ஆனால் அதன் வாசலைப் பாருங்கள். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிற வந்தியத்தேவன் சோழநாட்டுக்குப் புதியவன். அவனுக்கு வழி சொல்கிறவர்கள் எல்லாம் நமக்கும் வழி சொல்கிறார்கள். உலகம், சதி, காதல் மூன்றும் ஒரே ஓலையில் ஏறி வருகின்றன. நாட்டுடைமை ஆன நூல், தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இன்னும் படிக்காதவர்கள் அதன் முதல் பாகத்தைப் பயிற்சிக்காக எடுக்கலாம்.

ஆங்கிலத்தில் தொடங்குபவர்களில் பாதிப் பேர் நேராக டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எடுத்துக் கவிழ்கிறார்கள். 1954, 1955-இல் மூன்று புத்தகமாக வந்தாலும் அது ஒரே நாவல். முதல் புத்தகத்தோடு நிறுத்தினால் பாதிப் பாலத்தில் நிற்பதுபோல. அதற்கு முன்னால் 1937-இல் அவர் எழுதிய 'தி ஹாபிட்' சின்னது, குழந்தைகளுக்கானது, நல்ல வாசற்படி. இன்னும் சின்னதாக வேண்டுமென்றால் 1968-இல் வந்த உர்சுலா லெ குயினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ'. அதில் ஒன்றின் உண்மைப் பெயர் தெரிந்தவனுக்குத்தான் அதன்மேல் அதிகாரம். ராத்திரியில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே 'என்ன' என்று கேட்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்களே, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதற்கு விளக்கமே தேவையில்லை.

தமிழில் செயலிகளில் வரும் தொடர்கள் ஏராளம். பிரதிலிபியில் மாயமும் காதலும் கலந்தவை குவிந்து கிடக்கின்றன. தரம் மேடும் பள்ளமுமாக இருக்கும். கதை முடிந்திருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். பாதியில் நின்ற தொடரின் எழுத்தாளருக்காக மூன்று வருடம் காத்திருக்கும் ஆட்களை எனக்குத் தெரியும். கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது அவர்களுக்கு, நாயகிக்குத்தான் இன்னும் ஆகவில்லை.

காதல் தூக்கலாக இருக்கும் ஃபேன்டஸியை 'ரொமான்டஸி' என்கிறார்கள். அட்டையில் பூவும் வாளும் பின்னிக் கிடந்தால் பெரும்பாலும் அதுதான். பெரியவர்களுக்கான காட்சிகள் கொண்டவை இதில் நிறைய. பத்தாவது படிக்கிற தங்கைக்கு வாங்கிக் கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒருமுறை புரட்டிவிடுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மைய நூலகங்களில் ஆங்கிலப் புனைவு அலமாரியில் என்ன இருக்கிறதென்று ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். கிண்டில் மாதிரியானவற்றில் முதல் சில அத்தியாயங்கள் இலவசமாக வரும். அதைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

முதல் ஐம்பது பக்கம்: மூன்றாவது கல் வரை பொறுங்கள்

பெரும்பாலானவர்கள் புத்தகத்தைக் கீழே வைப்பது இங்கேதான். எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனால் நடுகற்கள் இருக்கும். வில்லும் கத்தியும் பிடித்த வீரன், சில கற்களில் காலடியில் மாடுகள். பக்கத்தில் பழைய எழுத்து. கல்வெட்டு வாசகத்தைப் படித்துக் காட்டினால் 'தொறு' என்றொரு சொல் வரும்: தொறுக் கொண்டபோது பட்டான், தொறு மீட்டுப் பட்டான். பட்டான் என்றால் செத்தான். முதல் கல்லில் எனக்குப் புரியவில்லை. இரண்டாவது கல்லிலும் அதே சொல், அங்கேயும் மாடு. மூன்றாவதில் யாரையும் கேட்காமலே தெரிந்துவிட்டது: தொறு என்றால் மாட்டு மந்தை. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. மாடு பிடிப்பதும் மீட்பதும் உயிரைக் கொடுக்கிற அளவுக்குப் பெரிய காரியமாக இருந்த ஒரு காலம் இந்த மண்ணில் இருந்திருக்கிறது. அகராதி பார்த்திருந்தால் சொல் கிடைத்திருக்கும். காலம் கிடைத்திருக்காது.

ஃபேன்டஸி நாவலில் தெரியாத சொல் வந்தால் இதையே செய்யுங்கள். கூகுளைத் திறக்காதீர்கள். பின்னால் சொற்பட்டியல் இருந்தாலும் புரட்டாதீர்கள். மூன்றாவது கல் வரும்வரை நடந்துகொண்டே இருங்கள். மூன்று முறை வந்தும் பிடிபடாத சொல்லை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள்.

அடுத்து, எதைக் கவனிப்பது என்று கேட்பீர்கள். இதற்குத் தொல்காப்பியம் ஒரு பட்டியலே தந்திருக்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன முதல், கரு, உரிதான் அது. முதற்பொருள்: நிலமும் பொழுதும். கருப்பொருள்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். உரிப்பொருள்: அந்த நிலத்தில் மனிதருக்குள் நடப்பது, சேர்தல், பிரிதல், காத்திருத்தல், இரங்கல், ஊடல். உலகம் கட்டுவதைப் பற்றி இன்றைக்குப் பக்கம் பக்கமாக வகுப்பு எடுக்கிறார்கள். இதைவிடச் சுருக்கமான குறிப்பை நான் பார்த்ததில்லை.

ஒரு பத்தியில் போட்டுப் பார்ப்போம். இது நான் உண்டாக்கியது, எந்த நாவலிலும் இல்லை:

"மூன்றாம் உப்புமணி அடித்தபோது நீலா படித்துறையில் விளக்கேற்றவில்லை. ஏற்றியிருந்தால் அவள் கைக்கு நிழல் இல்லாததை ஆற்றுக்காவலர்கள் பார்த்திருப்பார்கள். எதிர்க்கரையில் அவன் மட்டும் வழக்கம்போல் இரண்டு விளக்கு வைத்திருந்தான்."

இதைப் புதியவர் படித்தால் 'உப்புமணி என்றால் என்ன' என்று நின்றுவிடுவார். நிற்க வேண்டாம். மூன்றாம் மணி என்றால் முதலும் இரண்டும் இருக்கின்றன. இது நேரம் சொல்கிற முறை. விளக்கேற்றும் பேச்சு வருவதால் ராத்திரி. உப்பு என்ற பெயரில் மணி அடிக்கிற ஊரில் உப்பு சாதாரணச் சரக்காக இருக்க முடியாது. ஆற்றுக்குக் காவல் போட்டிருக்கிறார்கள் என்றால் அந்த ஆறு ஏதோ எல்லை. கைக்கு நிழல் இல்லை: இதுதான் மாயம். அதைக் காவலரிடம் மறைக்கிறாள்: அது குற்றம். நிழல் எங்கே போனது? மர்மம் ஆரம்பித்துவிட்டது. அவன் இரண்டு விளக்கு வைக்கிறான், ஒன்று அவளுக்கு. 'வழக்கம்போல்' என்ற ஒரே சொல்லில் இது எத்தனையோ இரவாக நடக்கிறது என்று தெரிகிறது. அவள் இன்றைக்கு ஏற்றவில்லை. அவன் என்ன நினைப்பான்? காதலும் வந்துவிட்டது. மூன்று வாக்கியம்தான். உப்புமணி இன்னும் புரியவில்லை, ஆனால் அடுத்த பக்கத்தைப் புரட்டாமல் இருக்க முடியுமா?

வரைபடமும் பெயர்களும்

முன்பக்கத்து வரைபடத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம். போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாராவது பயணம் கிளம்பும்போது மட்டும் பாருங்கள். பெயர்களின் வாலைக் கவனித்தால் போதும். சேலம்–பெங்களூரு ரயிலில் தருமபுரி தாண்டினால் பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை என்று வரும். 'அள்ளி' கன்னட வாடை, 'கோட்டை' என்றால் யாரோ யாரிடமிருந்தோ காத்துக்கொண்டார்கள். பலகையைப் படித்தாலே இது பல பாஷைக்காரர்கள் கலந்து வாழும் எல்லைச் சீமை என்று புரிந்துவிடும். நல்ல எழுத்தாளர் கற்பனை ஊர்களுக்கும் இப்படித்தான் பெயர் வைப்பார். டோல்கீன் மொழியறிஞர், முதலில் மொழிகள், அவற்றைப் பேச ஓர் உலகம் என்று போனவர். வடக்கே ஒருவித ஒலி, தெற்கே வேறுவித ஒலி என்று தெரிந்தால் எந்தப் பாத்திரம் எந்த ஊர் என்று பெயரிலேயே பிடித்துவிடலாம்.

உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் வாய்க்கு வருகிறபடி படியுங்கள். எனக்கு ஒரு நாவலின் தளபதி கடைசிவரை 'காளியப்பன்'தான். அசல் பெயரில் ஏழு மெய்யெழுத்து இருந்தது.

கதாபாத்திரங்களுக்கு ஒரே ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், எதிரே ஒரு அடையாளம், ஒரு ஆசை. 'ஒற்றைக்கண் கிழவி – மகனைத் தேடுகிறாள்' அவ்வளவுதான். கூத்தில் திரை பிடித்து, வேஷம் பின்னால் நின்று பாட, கட்டியங்காரன் 'நீர் யார், எந்த நாடு' என்று கேட்பாரே, அந்த இரண்டு கேள்விக்குப் பதில் எழுதினால் போதும். இணையத்தில் வம்சாவளிப் படம் கிடைக்கிறதே என்று தேடிவிடாதீர்கள். பெயருக்குக் கீழேயே செத்த வருஷத்தைப் போட்டு வைத்திருப்பான்.

மர்மத்தைத் துரத்துவது

சாதாரண துப்பறியும் கதையில் பூட்டிய அறைக்குள் கொலை என்றால் சாவி எங்கே என்று தேடலாம். ஃபேன்டஸியில் கொலைகாரன் சுவரைத் தாண்டி வர முடியுமே! அதனால் முதலில் மாயத்தின் எல்லையைக் கண்டுபிடியுங்கள். யாரால் முடியும், எப்போது முடியாது, என்ன விலை. கர்ணனின் கவசம் கேட்டால் கழற்றிக் கொடுக்க வேண்டியது, நாகாஸ்திரம் ஒருமுறைதான். அந்த 'ஒருமுறைதான்' இல்லையென்றால் கதையே இல்லை. இந்த விதிகளை எழுத்தாளர் சொல்லும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். நூலகப் புத்தகம் என்றால் சீட்டு வையுங்கள். முடிவில் யாருக்கும் சொல்லாத புது சக்தி ஒன்று திடீரென்று முளைத்து முடிச்சை அவிழ்த்தால், உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று தாராளமாகக் கோபப்படலாம்.

இன்னொரு கேள்வி: யார் சொல்கிறார்கள்? அதியமான் ஆண்ட தகடூர் என்பது இன்றைய தருமபுரிதான். அந்தக் கோட்டையை அழித்த சேரன் பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில்கிழார் புகழ்கிறார். புறநானூற்றிலோ, 'சிறிய கள் பெறினே எமக்கு ஈயும்' என்று செத்துப்போன அதியமானை நினைத்து ஔவையார் அழுகிறார். அந்தப் போரைப் பற்றியே தனியாக இருந்த 'தகடூர் யாத்திரை' முழுதாகக் கிடைக்கவில்லை. மேற்கோளாக எடுத்தாளப்பட்ட சில பாடல்கள்தான் மிச்சம். ஜெயித்தவன் பக்கம் ஒரு குரல், தோற்றவன் பக்கம் ஒரு குரல், நடுவில் காணாமல் போன புத்தகம். ஃபேன்டஸி மர்மங்களில் பாதி இந்த அச்சில்தான் வார்க்கப்படுகின்றன. அத்தியாயத்தின் தலையில் ஒரு பழைய பாட்டோ ஏட்டுக் குறிப்போ போட்டிருந்தால் தாண்டிப் போகாதீர்கள். அதை எழுதியவன் எந்தப் பக்கத்து ஆள் என்று கேளுங்கள்.

பாதியில் நிறுத்தி உங்கள் ஊகத்தைப் பக்க எண்ணோடு எழுதி வையுங்கள். தப்பினால் நஷ்டமில்லை. சரியாக இருந்தால் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள், அதற்குத்தான் எழுத்தில்.

காதலை அளப்பது

இதற்கு என்னிடம் ஒரே ஒரு சோதனை இருக்கிறது. அந்த இரண்டு பேரையும் தூக்கி தருமபுரி பஸ் ஸ்டாண்டில் விடுங்கள். சேலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய சண்டை, தயக்கம், பிரிவு எல்லாம் அப்படியே பொருந்துகிறதா? பொருந்தினால் அந்த உலகம் வெறும் படுதா. காதல் கதைக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார்கள். பொருந்தவில்லை, நிழலில்லாத கையும் காவல் போட்ட ஆறும் இல்லாமல் அந்தக் காதலுக்கு உயிரே இல்லை என்றால் நல்ல நாவல் கையில் இருக்கிறது.

சங்கப் பாட்டு இதில் கறாராக இருந்தது. மலைநிலத்துக் களவுக்கும் கடற்கரை இரங்கலுக்கும் ஒரே வர்ணனை ஓடாது. இடம் மாறினால் உறவின் நிலையும் மாறும். தோழி என்றொருத்தி இருப்பாள், தலைவி வாயால் சொல்ல முடியாததை அவள் சொல்வாள். ஃபேன்டஸியிலும் அந்தத் தோழியைத் தேடுங்கள். பேசும் ஓநாயாகவோ கிழட்டு மாலுமியாகவோ இருப்பாள். நாயகனும் நாயகியும் பேசுவதைவிட அவள் பேச்சில்தான் விஷயம் இருக்கும்.

எதிரிகளாக ஆரம்பித்துக் காதலர்களாகும் கதைகள் இப்போது அதிகம். அதில் எனக்கு ஒரு புகார். கொடுமை செய்பவனுக்கு அழகான தாடை இருந்தால் மன்னித்துவிடுகிறார்கள். ஊடல் வேறு, கொடுமை வேறு.

எவ்வளவு, எப்போது, எப்போது விடுவது

ஒரு நாளைக்கு இருபது பக்கம். நானூறு பக்க நாவல் மூன்று வாரத்தில் முடியும். முதல் மூன்று நாள் மட்டும் ஒரே மூச்சில் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். புது உலகத்தில் காலூன்ற அது வேண்டும். அதன்பிறகு பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில், குக்கர் விசிலுக்கு நடுவில் எங்கே வேண்டுமானாலும் ஓடும். ஆங்கிலம் தடுமாறினால் ஒலிப்புத்தகத்தைக் கேட்டுக்கொண்டே பக்கத்தைப் பார்த்துப் படியுங்கள். வர்ணனை நீண்டால் கொஞ்சம் தாவலாம். சாப்பாட்டு வர்ணனையை மட்டும் தாவாதீர்கள். யார் என்ன தின்கிறார்கள் என்பதில் அந்த நாட்டின் மழையும் சாதியும் வரியும் தெரிந்துவிடும். களி தின்கிற ஊர் எது, நெல்லுச்சோறு தின்கிற ஊர் எது என்று நமக்குத் தெரியாதா?

நூறு பக்கம் தாண்டியும் ஒருவர் மேலும் அக்கறை வரவில்லையென்றால் மூடிவிடுங்கள். சொற்கள் புரியாதது காரணமென்றால் இன்னும் முப்பது பக்கம் கொடுங்கள்.

முடிவை முன்கூட்டித் தெரிந்துகொள்வதைப் பற்றி ஒரு வார்த்தை. மர்மம் முக்கியமான நாவலில் கண்டிப்பாக வேண்டாம். மற்றபடி ரொம்பப் பதற வேண்டியதில்லை. அபிமன்யு சாகப் போகிறான் என்பது ஆயாவுக்கு அறுபது வருஷமாகத் தெரியும். ஒவ்வொரு பாரதத்திலும் சக்கர வியூகம் ஆரம்பித்ததும் முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொள்ளும்.

அந்த மூன்றாம் பாகத்தை நான் கடைசியில் படித்து முடித்தேன். ஒரு வருஷம் கழித்து முதல் பாகம் கிடைத்தது. செத்துப்போன ராணி ஒன்பதாம் பக்கத்திலேயே வந்தாள். சமையற்கட்டில் உட்கார்ந்து பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். யாரோ சொன்னதற்குச் சிரித்தாள். பஸ் சூளகிரியில் நின்று கிளம்பிவிட்டது, நான் அந்தப் பக்கத்திலேயே இருந்தேன்.